பூட்டை யார் திறப்பது? டி அண்ட் டி விளையாட்டில் மந்திரமும் கிளாஸ் திறனும்

2024-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) விளையாட்டின் திருத்திய விதிநூல் வந்தபோது வாக்குவாதம் கிளப்பிய மாற்றங்களில் ஒன்று, மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது. பாலடின் என்ற புனித வீரனுக்கு ‘டிவைன் ஸ்மைட்’ என்று ஓர் அடி உண்டு. வாள் எதிரி மேல் பட்டதும் தெய்வ ஒளியையும் சேர்த்து இறக்குவான். 2014 விதிகளில் அது அந்தக் கிளாஸின், அதாவது அந்தத் தொழிலின், திறன். புதிய நூலில் அது ஒரு மந்திரம். உருட்டும் பகடைகள் ஏறக்குறைய அதேதான், பெயரும் மாறவில்லை. ஆனாலும் பாலடின் ஆடுகிறவர்களில் பலர், சொந்த வீட்டுக்கு வாடகை கேட்டதுபோலக் கொதித்தார்கள்.

கோபத்தில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க, மந்திரம் என்பதும் கிளாஸ் திறன் என்பதும் விதிக்கு விதி எப்படி வேறுபடுகின்றன என்று தெரிய வேண்டும். அதற்கு ஸ்மைட்டை விட நல்ல உதாரணம் ஒரு சாதாரணப் பூட்டு. அங்கே போவதற்கு முன் சில சொற்கள்.

அடிப்படைச் சொற்கள்

இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிப் பேசியே ஆடும் விளையாட்டு. கதையை நடத்துகிறவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரத்தின் தொழில்தான் கிளாஸ். ஃபைட்டர் சண்டைக்காரன். ரோக் பூட்டு, பொறி, பதுங்கல் இவற்றில் தேர்ந்தவன். விஸர்ட் ஏட்டைப் படித்து மந்திரம் போடுகிறவன்.

கிளாஸ் திறன் என்பது லெவல் ஏற ஏறத் தொழிலோடு சேர்ந்து வருவது. மந்திரம் என்பது ஒரு நீண்ட பட்டியலிலிருந்து பொறுக்கிக்கொள்வது. மந்திரம் போட ‘ஸ்லாட்’ செலவாகும். துப்பாக்கிக்குத் தோட்டா மாதிரி. தீர்ந்தால் தீர்ந்ததுதான், பெரும்பாலானவர்களுக்கு ஓர் இரவு தூங்கி எழுந்தால்தான் நிரம்பும். ஸ்லாட் கேட்காத சில்லறை மந்திரங்களுக்கு ‘கேன்ட்ரிப்’ என்று பெயர்.

புதிதாக வருகிறவர்களை முதலில் குழப்புவது ஒன்று உண்டு. ஆளுக்கும் லெவல், மந்திரத்துக்கும் லெவல், இரண்டும் வேறு. இரண்டாம் லெவல் மந்திரம் விஸர்டுக்கு அவனுடைய மூன்றாம் லெவலில்தான் கிடைக்கும். ஏன் இப்படி ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். ஐம்பது ஆண்டுப் பழக்கம். இங்கே மந்திரத்தின் அளவை மட்டும் ‘படி’ என்று சொல்கிறேன்.

எங்கே வேறுபடுகின்றன?

1. மாற்றிக்கொள்ளும் வசதி. விஸர்ட் தினமும் காலையில் ஏட்டைப் புரட்டி, இன்றைக்கு எந்த மந்திரங்கள் வேண்டும் என்று முடிவு செய்யலாம். நேற்று நெருப்பு, இன்று பறப்பது. ரோக் தன் பூட்டுக் கலையை ஒருநாள் நீச்சலாக மாற்றிக்கொள்ள முடியாது.

2. பட்டியலின் நீளம். புதிய நூல் வரும்போதெல்லாம் புதிய மந்திரங்கள் வரும், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் விஸர்டும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். கிளாஸ் திறன்கள் அச்சான அன்றைக்கே பெரும்பாலும் முடிந்துபோனவை. ஆகவே ஆண்டுகள் போகப் போக, யாரும் திட்டமிடாமலே, மந்திரக்காரர்கள் மெல்ல வளர்ந்துகொண்டே இருப்பார்கள்.

3. உறுதி. திறன்களில் பல, பகடை உருட்டி வெல்ல வேண்டியவை. சண்டைக்கு வெளியே பயன்படும் மந்திரங்களில் பல, போட்டால் நடந்துவிடும்.

4. தடை. மந்திரத்தை எதிரி ‘கவுன்டர்ஸ்பெல்’ போட்டு முறிக்கலாம். வாய்விட்டுச் சொல்ல வேண்டிய மந்திரத்தை ஒலியடக்கும் மந்திரம் தடுக்கும். திறனை இப்படி யாரும் நிறுத்த முடியாது.

முதல் மூன்றும் மந்திரத்துக்குச் சாதகம், நான்காவது பாதகம். நடைமுறையில் எதிரணியில் மந்திரக்காரர் இருந்தால்தான் நான்காவதற்கு வேலை. பூட்டுக்குக் கவுன்டர்ஸ்பெல் போடத் தெரியாது.

ஒரு பூட்டின் கதை

‘நாக்’ என்பது இரண்டாம் படி மந்திரம். பூட்டிய கதவையோ பெட்டியையோ திறக்கும், வேறு வேலை இல்லை. ரோக்கின் முதல் தொழிலும் அதுதான். எனவே இந்த ஒரு மந்திரம் பதிப்புக்குப் பதிப்பு எப்படி மாறியது என்று பார்த்தாலே, ஒரு கிளாஸ் இன்னொன்றை மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளும் சமநிலைச் சிக்கலின் முழு வரலாறும் கிடைத்துவிடும்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் விளையாட்டில் திருடன் (ரோக்கின் பழைய பெயர்) என்ற கிளாஸே இல்லை. அடுத்த ஆண்டு வந்த துணைநூலில்தான் சேர்ந்தது. 1978-ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் வீரர் கையேட்டில் முதல் லெவல் திருடன் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு 25 சதவீதம். நான்கு பூட்டில் மூன்று திறக்காது. தோற்றால் அதே பூட்டில் மறுபடி கைவைக்க அடுத்த லெவல் வரை காத்திருக்க வேண்டும். இதையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு இந்த நிலைமை. பக்கத்தில் நிற்கும் மந்திரவாதி மூன்றாம் லெவலில் நாக் கற்றுவிட்டால் பகடையைத் தொடவே வேண்டாம். தாயம் போடாமலே காயை இறக்குகிற ஆட்டம்.

அன்றைக்கு இது பெரிய அநியாயமாகத் தோன்றாததற்குக் காரணம், மந்திரவாதி கொடுத்த விலை. நாலுமுகப் பகடை உருட்டி உயிர்ப்புள்ளி எடுக்கிறவன், ஓர் அம்பு பட்டால் காலி. மூன்றாம் லெவலில் அவனுக்கு நாளைக்கு ஒரே ஓர் இரண்டாம் படி மந்திரம்தான். அதை நாக்காக வைத்தால் அன்று சண்டைக்கு அந்த இடம் இல்லை. மந்திரம் போடும்போது அடி விழுந்தால் மந்திரம் வீண். இரண்டாம் லெவலுக்கு ஏறத் திருடனுக்கு 1,250 அனுபவப் புள்ளிக்குச் சற்றே கூடுதல் போதும், மந்திரவாதிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. சமநிலை என்பதை மந்திரத்துக்குள் வைக்கவில்லை, மந்திரவாதியின் வாழ்க்கையில் வைத்தார்கள். முரட்டு வழிதான், ஆனால் ஒரு வழி.

டி அண்ட் டி-யை 1997-ல் விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாக் கிளாஸுக்கும் ஒரே அனுபவப் பட்டியலைக் கொண்டுவந்தது. அடிபட்டாலும் ஒரு பகடை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்றலாம் என்றது. மந்திரச் சுருள், மந்திரக்கோல் இவற்றுக்கு விலைக்கணக்கு போட்டுக் கடைச்சரக்கு மாதிரி ஆக்கியது. நாக் எழுதிய சுருள் 150 பொற்காசு. 50 முறை பயன்படும் நாக் கோல் 4,500 பொற்காசு, அதாவது ஒரு கதவுக்கு 90. இப்போது விஸர்டின் ஸ்லாட்டுகள் முழுவதும் சண்டைக்கே மிச்சம், இடுப்பில் ஒரு கோல் இருந்தால் ரோக்கின் வேலையும் முடிந்தது. பழைய விலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன, மந்திரத்தின் பலன் மட்டும் அப்படியே நின்றது. வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் நல்லெண்ணத்தோடு, ஆட்டம் சலிப்பாக இருக்கக்கூடாது என்றுதான் செய்தார்கள். எல்லாம் சேர்ந்தபோது ரோக் வேலையில்லாமல் நின்றான்.

இதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு திருத்தமும் இந்தச் சிக்கலுக்கு ஒரு பதில்தான்.

2008-ல் வந்த நான்காம் பதிப்பு நாக்கைச் சடங்காக மாற்றியது. பத்து நிமிடம் ஆகும், காசு செலவாகும், உடல்தெம்பிலும் கொஞ்சம் போகும், அதற்கு மேல் பகடையும் உருட்ட வேண்டும். ரோக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் அதே பதிப்பு எல்லாக் கிளாஸுக்கும் ஒரே வார்ப்பில் திறன்களைக் கொடுத்தது: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. ஃபைட்டரின் வாள்வீச்சும் விஸர்டின் நெருப்பும் ஒரே மாதிரி அட்டையில் எழுதப்பட்டன. சமநிலை கிடைத்தது, ஆனால் எல்லாம் ஒரே ருசியாக இருக்கிறது என்று பலர் இலையைத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டு, மூன்றாம் பதிப்பின் வாரிசாக 2009-ல் வந்தது. அதில் நாக் போட்டாலும் பூட்டின் கடினம் என்ற எண்ணை எட்டும்படி பகடை உருட்ட வேண்டும், விழுந்த எண்ணோடு 10 புள்ளி சலுகையாகச் சேரும். அதே விளையாட்டின் 2019 இரண்டாம் பதிப்பில் வந்த நாக்தான், என் கணக்கில், இதுவரை எழுதப்பட்டவற்றில் சிறந்தது. மந்திரம் தானே கதவைத் திறக்காது. திறக்க முயல்கிறவருக்கு 4 புள்ளி கூடுதலாகத் தரும். விஸர்ட் தனியாக இருந்தாலும் போட்டுப் பார்க்கலாம், ரோக் பக்கத்தில் இருந்தால் அவனுக்குப் போட்டுக்கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். மந்திரம் திறனுக்குப் போட்டியாக இல்லாமல் தோள்கொடுக்கிறது.

டி அண்ட் டி-யின் 2014 ஐந்தாம் பதிப்பு வேறு வழியில் போனது. நாக் மறுபடி உறுதியாகத் திறக்கும், ஆனால் 300 அடி தூரம் வரை கேட்கும்படி ‘டொக்’ என்று ஒரு சத்தம் எழும். விலை ஸ்லாட்டில் இல்லை, கதைக்குள் இருக்கிறது. அழகான யோசனை. ஒரே குறை, அந்தச் சத்தத்தை டி.எம். ஞாபகம் வைத்திருக்க வேண்டும். பல மேசைகளில் மறந்துவிடுகிறார்கள், மறந்தால் 2000-த்துக்கே திரும்பிவிட்டோம்.

மறுபக்கம், ரோக்கின் உறுதியையும் கூட்டினார்கள். 2014 விதிப்படி ஒரு சாதாரணப் பூட்டின் கடினம் 15. நல்ல விரல்பயிற்சி உள்ள முதல் லெவல் ரோக்குக்கு 7 சேர்ந்தால், இருபதுமுகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 65 சதவீத வாய்ப்பு. 25-லிருந்து எவ்வளவோ மேல். பதினோராம் லெவலில் ‘ரிலையபிள் டேலன்ட்’ என்ற திறன் வரும்: தேர்ந்த வேலையில் பகடை 9 அல்லது குறைவாக விழுந்தாலும் 10 என்றே கணக்கு. விரல்திறனுக்கு 5, பயிற்சிக்கு இரட்டிப்பாக 8 என்று வைத்தால் மிகக் குறைந்ததே 23. பூட்டு இனி ஒரு பொருட்டில்லை.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். விஸர்டுக்கு மூன்றாம் லெவலில் கிடைத்த உறுதி, அதையே தொழிலாகக் கொண்டவனுக்குப் பதினோராம் லெவலில். பல குழுக்கள் அந்த லெவலைப் பார்ப்பதற்குள் கலைந்துவிடும். 2024 திருத்தம் இதை ஏழாம் லெவலுக்கு இறக்கியது. பாலடின் கோபத்தின் இரைச்சலில் இந்த நல்ல மாற்றம் அதிகம் பேசப்படவில்லை.

அடியின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது

மந்திரம் ஓங்கி நிற்கிறது என்றவுடன் எல்லோரும் சொல்வது ‘ஃபயர்பால்’. நெருப்புப் பந்து, மூன்றாம் படி, ஆறுமுகப் பகடை எட்டு, சராசரி 28. இதை ஐந்தாம் லெவல் ஃபைட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சண்டை சுற்றுச் சுற்றாக நடக்கும், ஒரு சுற்றில் ஆளுக்கு ஒரு முறை வரும். ஃபைட்டர் இருகை வாளால் ஒரு முறைக்கு இரண்டு வெட்டு, ஒவ்வொன்றும் சராசரி 11. பத்தில் ஆறரை வெட்டு படும் என்று வைத்தால் ஒரு முறைக்கு 14.3. விஸர்டின் ஃபயர்பால் நான்கு எதிரிகள் மேல் விழுந்து, இருவர் முழு அடியும் இருவர் பாதி அடியும் வாங்கினால் மொத்தம் 84. ஃபயர்பால் தீர்ந்தபின் நெருப்புக் கேன்ட்ரிப், ஒரு முறைக்கு ஏறக்குறைய 7.

நாளுக்கு ஒரே சண்டை, நான்கு சுற்று: விஸர்டிடம் இரண்டு ஃபயர்பால், பிறகு கேன்ட்ரிப், மொத்தம் 182. ஃபைட்டர் தன் ‘ஆக்‌ஷன் சர்ஜ்’ திறனால் ஒரு முறை கூடுதலாக வெட்டி, ஏறத்தாழ 72. இரண்டரை மடங்கு வித்தியாசம்.

நாளுக்கு ஆறு சண்டை, நடுவில் இரண்டு குட்டி ஓய்வு: குட்டி ஓய்வில் விஸர்ட் ஒரு மூன்றாம் படி ஸ்லாட்டை மீட்கலாம், ஆக மூன்று ஃபயர்பால், மிச்சம் 21 சுற்றுக்குக் கேன்ட்ரிப், மொத்தம் சுமார் 402. ஃபைட்டருக்கு ஓய்வுக்கு ஓய்வு ஆக்‌ஷன் சர்ஜ் திரும்பிவிடும், மொத்தம் சுமார் 386. கிட்டத்தட்ட சமம்.

2014-ன் டி.எம். வழிகாட்டி ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகளைத் தாங்கலாம் என்று எழுதியது இந்தக் கணக்கை நம்பித்தான். வாரம் மூன்று மணி நேரம் ஆடும் குழு ஒரு கதைநாளுக்கு ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு வைக்கும். விதி ஒரு நாளைக் கற்பனை செய்கிறது, மேசை வேறொரு நாளை ஆடுகிறது. ஃபைட்டர் மங்கித் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான், மந்திரத்தைத் திருத்தாமலே சரிசெய்யலாம்.

மீதிப் பாதிதான் வில்லங்கம். ஆறு சண்டைக் கணக்கில் விஸர்டின் மூன்றாம் படி ஸ்லாட்டுகளை மட்டுமே செலவழித்தோம். முதல் படியில் நான்கு, இரண்டாம் படியில் மூன்று, ஆக ஏழு ஸ்லாட் கையில் அப்படியே இருக்கிறது. அவற்றில் கதவைத் திறக்கலாம், ஒரு மணி நேரம் மறையலாம், சுவரேறலாம். அடியில் சமமாகி, மேற்கொண்டு ஏழு வேலை செய்ய முடிந்தவனோடு ஃபைட்டரை எப்படி ஒப்பிடுவது? சேதக் கணக்குப் போட்டு “எல்லாம் சமம்தானே” என்று சொல்கிறவர்கள் இந்த ஏழை எண்ணுவதில்லை.

ஸ்மைட்டுக்குத் திரும்புவோம்

2014 பாலடின் எதிரியை வெட்டி, வெட்டு பட்டது தெரிந்தபின் ஸ்லாட்டைச் செலவழித்து எட்டுமுகப் பகடைகளைச் சேர்க்கலாம். முதல் படி ஸ்லாட்டுக்கு இரண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒன்று கூடுதல், ஐந்து வரை. முறைக்கு எத்தனை தடவை என்று வரம்பு இல்லை. ஐந்தாம் லெவலில் இரண்டு வெட்டும் பட்டு, இரண்டிலும் இரண்டாம் படி ஸ்லாட் போட்டால் கூடுதலாகச் சராசரி 27. டி.எம். ஆசையாகக் கட்டிவைத்த அரக்கர் தலைவன் இரண்டே சுற்றில் சுருண்டுவிடுவான்.

2024-ல் மந்திரமானதால் நடந்தவை:

1. போட ‘போனஸ் ஆக்‌ஷன்’ வேண்டும், அதாவது தன் முறையில் முக்கிய வேலைக்கு மேல் செய்யும் சிறு வேலை. முறைக்கு அது ஒன்றே ஒன்று. ஆக முறைக்கு ஒரு ஸ்மைட். மேலே சொன்ன 27 பாதியாகிவிட்டது. எதிரி விலகி ஓடும்போது அவன் முறையில் கிடைக்கும் வெட்டிலும் ஸ்மைட் இல்லை.

2. கைவைத்து ஆற்றும் திறனும் புதிய விதியில் போனஸ் ஆக்‌ஷன்தான். நண்பனை எழுப்புவதா, எதிரியை அடிப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. கவுன்டர்ஸ்பெல் முறிக்கலாம். வாய்ச்சொல் வேண்டிய மந்திரம் என்பதால் ஒலியடக்கிய இடத்தில் வேலை செய்யாது.

4. பார்பேரியன் என்பது வெறியேறி அடிக்கும் சண்டைக்காரனின் கிளாஸ், வெறியேறிய நிலையில் அவனால் மந்திரம் போட முடியாது. பாலடினையும் பார்பேரியனையும் ஒரே பாத்திரத்தில் கலந்து ஆடியவர்களின் பாத்திரமே உடைந்தது.

பதிலுக்கு நீண்ட ஓய்வுக்கு (ஓர் இரவுத் தூக்கம்) ஒருமுறை ஸ்லாட் இல்லாமல் ஸ்மைட் போடலாம் என்று ஒரு சலுகை.

முதலாவது தேவையான திருத்தம். மூன்றாவதும் நான்காவதும் யாரும் கேட்காதவை. மந்திரம் என்ற பெயர்ப்பலகையை மாட்டியதும் அதற்குரிய எல்லா விதிகளும் கூட்டமாக உள்ளே வந்துவிட்டன. காட்டு வேட்டைக்காரனான ரேஞ்சருக்கும் இதே கதி. அவனுடைய பல திறன்கள் ‘ஹன்டர்ஸ் மார்க்’ என்ற மந்திரத்தின் மேல் கட்டப்பட்டன. அது ‘கான்சன்ட்ரேஷன்’ கேட்கும் மந்திரம், ஒரே நேரத்தில் அப்படி ஒன்றைத்தான் பிடித்திருக்க முடியும். வேறு நல்ல மந்திரம் ஒன்றை எடுத்தால் தன் சொந்தத் திறன்களே அணைந்துவிடும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2022-ல் வந்த அரக்கர் தொகுப்பு நூல், மந்திரம் போடும் எதிரிகள் பலருக்கு மந்திரத்துக்குப் பதில் மந்திரம்போன்ற சாதாரணத் தாக்குதலைக் கொடுத்தது. டி.எம்.-க்கு நடத்துவது எளிது. ஆனால் கவுன்டர்ஸ்பெல்லை ஆசையாகக் கற்று வைத்திருந்த விஸர்டுக்கு முறிக்க ஒன்றும் இல்லை.

சொந்தமாக விதி எழுதுகிறவர்களுக்கு

புதிய மந்திரம் எழுதும்போது இந்த வரிசையில் கேட்டுப் பார்க்கலாம்.

1. இந்த வேலையைத் தொழிலாகச் செய்யும் கிளாஸ் ஏற்கெனவே இருக்கிறதா? இல்லையென்றால் கவலையில்லை. பறப்பது யாருடைய தொழிலும் இல்லை.

2. இருந்தால், மந்திரம் அவனுக்குப் பதிலாக வேலை செய்கிறதா, அவனோடு சேர்ந்து செய்கிறதா? ‘பாஸ் வித்அவுட் ட்ரேஸ்’ என்ற மந்திரம் பதுங்கலுக்கு 10 புள்ளி தருகிறது. கூட்டம் முழுவதும் பதுங்குகிறது, ரோக் இன்னும் நன்றாகப் பதுங்குகிறான்.

3. பதிலாகத்தான் செய்கிறதென்றால், உறுதி, வேகம், சத்தமின்மை மூன்றையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். ஏதாவது ஒன்றையாவது ரோக்குக்கு விட்டுவையுங்கள்.

4. எந்த லெவலில் கிடைக்கிறது, அதே உறுதி திறன்வழியாக எந்த லெவலில் கிடைக்கிறது? இடைவெளி ஏழெட்டு லெவல் என்றால் மந்திரத்தின் படியை ஏற்றுங்கள், அல்லது திறனைக் கீழே இறக்குங்கள்.

5. உங்கள் மேசையில் ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை சண்டை? ஒன்றுதான் என்றால் ஸ்லாட் ஒரு விலையே இல்லை. நேரம், பொருள், சத்தம் என்று வேறு விலை வையுங்கள்.

திறனை மந்திரமாக மாற்ற நினைத்தால் இன்னும் ஒரு கேள்வி: மந்திரத்தின் எந்த விதி உங்களுக்கு வேண்டும்? ஒன்றே ஒன்றுதான் வேண்டுமென்றால் அதை மட்டும் எழுதலாம். உங்கள் பாலடின் பழைய ஸ்மைட்டைக் கேட்டு முரண்டு பிடித்தால், திறனாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழே “ஒரு முறைக்கு ஒரு தடவை மட்டும்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.